சின்ன விமானம் ஓட்டுவது பற்றி எல்லோரும் கேட்கிற கேள்விகள்

பிரைவேட் பைலட் லைசென்ஸ் வைத்துக்கொண்டு ஒற்றை இன்ஜின் விமானம் ஓட்டுகிறேன். எனக்கு இது தொழில் இல்லை, விருப்பம். சொந்தக்காரர்கள், நண்பர்கள், கற்றுக்கொள்ள நினைக்கிற பிள்ளைகள் என்று யாரிடம் பேசினாலும் திரும்பத் திரும்ப இதே கேள்விகள்தான் வருகின்றன. நின்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் என்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சின்ன விமானம்னா எவ்வளவு சின்னது?

செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். 1955-ல் முதன்முதலாகப் பறந்த ரகம். இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கிறது; வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் உருவானதில்லை. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 11 மீட்டர். மூக்கிலிருந்து வால் வரை 8 மீட்டருக்குச் சற்று அதிகம். உள்ளே அகலம் ஒரு மீட்டர்தான், முன்னால் இருவர் உட்கார்ந்தால் தோளோடு தோள் உரசும். பின்னால் இன்னும் இரண்டு சீட் உண்டு.

110 முதல் 120 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். பெரும்பாலும் நாங்கள் பறப்பது சில ஆயிரம் அடி உயரத்தில்தான். கீழே ரோட்டில் போகிற லாரியும் குளத்தில் விழுகிற மேக நிழலும் தெரியும். பெரிய விமானத்தில் ஜன்னலோர சீட்டில் கிடைக்காத காட்சி அது.

லைசென்ஸ் எடுக்க என்னென்ன வேணும்? எத்தனை மாசம் ஆகும்?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐகாவோ, குறைந்தபட்ச அளவுகளை வைத்திருக்கிறது. 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் படித்தால் 35 மணி. அதில் குறைந்தது 10 மணி தனியாக. தனியாகப் பறக்கும்போது ஒரு பயணம் 270 கிலோமீட்டருக்குக் குறையாமல், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாடும் இதன் மேல் தன் விதிகளைச் சேர்த்துக்கொள்ளும்.

40 மணி என்பது கீழ்வரம்பு. அதைவிடக் கூடுதலாகப் பறந்த பிறகே தேர்வுக்குத் தயாராகிறவர்கள்தான் அதிகம், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மாதக் கணக்கு சொல்ல முடியாது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பறக்கிறவருக்குக் கை சீக்கிரம் படியும். மாதம் ஒருமுறை போகிறவர் போன தடவை கற்றதையே மறுபடி கற்க வேண்டியிருக்கும்.

இந்த லைசென்ஸை வச்சு சம்பாதிக்கலாமா?

முடியாது. கூலி வாங்கிக்கொண்டு ஆட்களையோ சரக்கையோ ஏற்றிச் செல்ல கமர்ஷியல் லைசென்ஸ் வேண்டும். கூட வரும் நண்பர்கள் எரிபொருள் செலவைப் பகிர்ந்துகொள்ளச் சில நாடுகளில் அனுமதி உண்டு, அதற்கும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

ஏறி ஸ்டார்ட் பண்ணிக் கிளம்ப வேண்டியதுதானே, அரை மணி நேரமா சுத்திச் சுத்தி என்ன பாக்குறீங்க?

பறப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் இதுவும் ஒன்று. விமானத்தைச் சுற்றி ஒரே திசையில் நடந்து ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்கிறோம். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் கீல், அதன் ஆணி, டயர், பிரேக் குழாய், ப்ரொப்பெல்லர் விளிம்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கல் பட்டு ப்ரொப்பெல்லரில் சின்ன வெட்டு விழுந்திருந்தால் அங்கிருந்து விரிசல் வளரலாம். வேகம் காட்டும் கருவிக்குக் காற்று கொண்டுபோகும் பீட்டோ குழாயின் துளை மிகச் சின்னது. அதில் ஒரு பூச்சி கூடு கட்டியிருந்தால் மேலே போனதும் வேகம் தெரியாது.

எரிபொருளுக்குத் தனிக் கவனம். இறக்கைக்கு அடியில் இருக்கும் வால்வை ஒரு கண்ணாடிக் குவளையால் அழுத்திக் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். சின்ன விமானங்களுக்கான பெட்ரோலை அவ்கேஸ் என்போம்; அதில் 100எல்எல் என்ற ரகம் வெளிர் நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது கனமானது என்பதால் அடியில் நிறமில்லாத குமிழியாகத் தனியே உருண்டு நிற்கும். தண்ணீர் வருவது நிற்கும்வரை மறுபடி மறுபடி வடித்துப் பார்க்க வேண்டும். நீலமே இல்லாமல் குவளை முழுக்கத் தெளிவாக இருந்தால் அப்படியே நிம்மதியாகக் கிளம்பக் கூடாது. முழுக்கத் தண்ணீராக இருக்கலாம், தவறாக ஜெட் எரிபொருள் ஊற்றியிருக்கலாம். டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் மீட்டரை மட்டும் நம்பாமல், இறக்கையின் மேற்பக்கம் எட்டும்படி ஏறி நின்று மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்க்கிறோம்.

இத்தனை வருஷம் ஓட்டியும் ஏன் இன்னும் பேப்பரைப் பாத்துப் படிக்கிறீங்க? மனப்பாடம் ஆகலையா?

மனப்பாடம் ஆகிவிட்டதால்தான் பேப்பர் தேவைப்படுகிறது. பழகிய வேலையில்தான் ஒரு படி விட்டுப்போனது கூடத் தெரியாது.

1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் கிளம்பிய சில நொடிகளில் விழுந்தது. ஓட்டியவர் மேஜர் ப்ளோயர் ஹில், மிகவும் அனுபவசாலி. நிறுத்தியிருக்கும்போது காற்றில் வால் மடல் ஆடாமலிருக்கப் போடும் பூட்டு எடுக்கப்படாமலே இருந்திருக்கிறது. விமானத்தில் குறையில்லை, பைலட்டிடம் திறமைக் குறைவும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கட்டத்துக்கும் செக்லிஸ்ட் என்ற முறை விமானிகளிடையே வேரூன்றியது. அதே ரகம் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

நடு வானத்துல இன்ஜின் நின்னுட்டா நேரா கீழ விழுந்துடுமா?

விழாது. விமானத்தைத் தாங்குவது இறக்கை; இன்ஜின் அதை முன்னால் நகர்த்துகிறது, அவ்வளவே. இன்ஜின் நின்றால் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, உயரத்தைச் செலவழித்து வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு மிதந்து இறங்கலாம். செஸ்னா 172 ஒரு அடி இறங்கினால் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னேறும். தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் இருந்தால் காற்றில்லாத நாளில் சுமார் 8 கிலோமீட்டர் போகலாம், ஏறத்தாழ நான்கு நிமிடம் கிடைக்கும்.

அந்த நான்கு நிமிடத்தில் என்ன செய்வது என்பதைப் பயிற்சியில் சலிக்கச் சலிக்கச் சொல்லித் தருவார்கள். முதலில் மிதப்பு வேகத்துக்கு வர வேண்டும்; 172-ன் பிற்கால மாடல்களில் அது 68 நாட். அடுத்து இறங்க ஒரு வயலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகுதான் ஏன் நின்றது என்று பார்ப்பது: எரிபொருள் வால்வு, காற்று-எரிபொருள் கலவை, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ. ரேடியோவில் பேசுவது கடைசி. இந்த வரிசை மாறக் கூடாது.

நின்றுபோகாமல் இருக்கவும் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தனித்தனி மேக்னெட்டோ. பேட்டரி முழுதாகச் செத்தாலும் இன்ஜின் ஓடும். ரன்வேக்குள் நுழையும் முன் இன்ஜின் வேகத்தை நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு ஏற்றி ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பார்ப்பது இதைச் சோதிக்கத்தான்.

ஆபத்தான இடம் நடு வானம் அல்ல, கிளம்பிய உடனே வரும் முதல் சில நூறு அடி. அங்கே நின்றால் ரன்வேக்குத் திரும்ப வேண்டும் என்று மனம் துடிக்கும். அந்த உயரத்தில் திரும்பினால் பாதி வளைவிலேயே உயரம் தீர்ந்துவிடும். நேரே முன்னால், கொஞ்சம் இடது வலதாகக் கிடைக்கிற இடத்தில் இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்டால் ஆயிடுச்சுன்னு சொல்றீங்களே, அது இன்ஜின் ஆஃப் ஆகுறதுதானே?

இல்லை. இன்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஸ்டால் ஆகலாம். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் மேற்பரப்பில் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும்; தாங்கும் விசை சட்டென்று குறையும். மூக்கைத் தாழ்த்தினால் சரியாகிவிடும். போதுமான உயரம் இருந்தால் இது சாதாரணப் பயிற்சி.

உயரம் இல்லாத இடத்தில்தான் பிரச்சினை. செங்குத்தாகச் சாய்ந்து திரும்பும்போது இறக்கை கூடுதல் பாரம் தாங்குகிறது. 60 டிகிரி சாய்வில் பாரம் இரட்டிப்பாகும், ஸ்டால் ஆகும் வேகம் 41 சதவீதம் ஏறும். நேராகப் பறக்கையில் 50 நாட்டில் ஆகிற ஸ்டால் அங்கே 70-லேயே வந்துவிடும். ரன்வேக்கு நேராகத் திரும்பும் கடைசி வளைவில், ரன்வேயின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டோமே என்று இறுக்கித் திருப்பி உயிரை விட்டவர்கள் உண்டு. தாண்டிவிட்டால் தாண்டட்டும். மேலே ஏறி இன்னொரு சுற்று வரலாம்.

மாமா, ரொம்ப ஆடுமா? வாந்தி வருமா?

ஆடும். சின்ன அலையில் சின்னப் படகு ஆடுவது போலத்தான். எடை குறைவு என்பதால் பெரிய விமானம் உணராத அசைவையும் இது உணரும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, காற்று ஓரிடத்தில் மேலே எழும், பக்கத்தில் கீழே இறங்கும். அதனால் முதல்முறை வருகிறவர்களை நான் காலையில் மட்டுமே கூட்டிப் போகிறேன். வயிறு புரட்டினால் போனைப் பார்க்காமல் தூரத்து அடிவானத்தைப் பார்க்க வேண்டும், காற்றுத் துவாரத்தை முகத்துக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

லேண்டிங்தான் எல்லாத்துலயும் கஷ்டமா?

கற்றுக்கொள்ள அதிக நேரம் எடுப்பது அதுதான். ரன்வேக்கு மேலே வந்ததும் மூக்கை மெல்ல மெல்லத் தூக்கி, வேகம் தீரும் நேரத்தில் சக்கரம் தரையைத் தொட வைக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் முன்சக்கரத்துக்கு நேரே கீழே பார்ப்பார்கள். அங்கே தரை மங்கலாக ஓடும், உயரம் பிடிபடாது. ரன்வேயின் மறுகோடியைப் பார்க்கப் பழகியதும் கண்ணின் ஓரத்திலேயே தரை எழும்பி வருவது தெரிய ஆரம்பிக்கும்.

பக்கக் காற்று சேர்ந்தால் வேலை இரட்டிப்பு. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, வாலில் இருக்கும் திசைதிருப்பியான ரடரை எதிர்ப்பக்கம் மிதித்து, ஒரு பக்கச் சக்கரத்தில் முதலில் இறங்க வேண்டும். 172-ல் செய்து காட்டப்பட்ட பக்கக் காற்றின் அளவு 15 நாட். சரியாக வரவில்லை என்றால் முழு பவர் கொடுத்து மறுபடி ஏறிவிடலாம். இதைத் தோல்வி என்று நினைக்கிறவர்களிடம் நான் வாதாடுவேன். நேரத்துக்கு எடுத்த கோ-அரவுண்ட் நல்ல பைலட்டின் அடையாளம்.

மேல சிக்னலும் கிடையாது, ரோடும் கிடையாது. எப்படி மோதாமப் போறீங்க?

விதிகள் இருக்கின்றன. காந்தத் திசை 0 முதல் 179 டிகிரி வரை, அதாவது கிழக்குப் பக்கம் போகிறவர்கள் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 அடியில்: 3,500, 5,500. மேற்குப் பக்கம் போகிறவர்கள் இரட்டைப்படையோடு 500: 4,500, 6,500. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலது பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு வழி.

ஆனாலும் கண்தான் முதல் காவல். ஜன்னலில் நகர்ந்துகொண்டே போகிற விமானத்தால் பயமில்லை. ஒரே இடத்தில் அசையாமல் நின்று, அளவு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் அது உங்கள் மேல்தான் வருகிறது. அசையாத புள்ளியைக் கண் எளிதில் விட்டுவிடும் என்பதுதான் சங்கடம். அதனால் வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் பார்வையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கிறோம்.

ரேடியோ வேலை செய்யலேன்னா?

ராடாருக்கு நம் குறியீட்டு எண்ணை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவியில் 7600 என்று போட்டால், ராடார் உள்ள இடங்களில் கண்ட்ரோலருக்கு விஷயம் புரியும். டவரிலிருந்து விளக்கு காட்டுவார்கள்: பறந்துகொண்டிருப்பவருக்கு நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. டவரே இல்லாத விமான நிலையங்கள் ஏராளம். அங்கே ரேடியோ வேலை செய்கிற நாளில் யார் எங்கே இருக்கிறோம் என்று பைலட்டுகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

நாலு சீட் இருக்குல்ல, நாங்க நாலு பேரும் வர்றோம். ஏன் யோசிக்கிறீங்க?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 172-ன் பிற்கால மாடலில் கிளம்பும்போது அதிகபட்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானம் 770 கிலோ என்று வைத்தால் மிச்சம் 387. டாங்கை நிரப்பினால் 200 லிட்டர் அவ்கேஸ், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 144 கிலோ. ஆட்களுக்கும் பைகளுக்கும் 243 கிலோ. 80 கிலோ ஆட்கள் மூன்று பேரோடு முடிந்தது. நான்காமவர் வர வேண்டுமென்றால் எரிபொருளைக் குறைக்க வேண்டும், அப்போது தூரம் குறையும். மொத்த எடை சரியாக இருந்தாலும் பின்னால் பாரம் கூடினால் ஸ்டாலிலிருந்து மீள்வது கடினமாகும்.

அதனால்தான் எடை கேட்கிறேன். உண்மையான எடையைச் சொல்லுங்கள்.

போன மாசம் இதே ரன்வேலதானே சட்டுன்னு ஏறுச்சு, இன்னைக்கு ஏன் இவ்வளவு தூரம் ஓடுது?

வெயில். காற்று சூடானால் அடர்த்தி குறையும். இறக்கை, ப்ரொப்பெல்லர், இன்ஜின் மூன்றும் அதே அடர்த்தியை நம்பித்தான் வேலை செய்கின்றன. கடல் மட்டத்தில் 15 டிகிரி என்பது தரநிலை. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி உயரத்தில் இருப்பது போல விமானம் நடந்துகொள்ளும். 35 டிகிரி என்றால் 2,400 அடி. ரன்வேயே மலைமேல் இருந்தால் இது அதோடு சேரும். முந்தைய கேள்வியில் போட்ட எடைக் கணக்கு கச்சிதமாக இருக்கிற நாளில் இந்த இரண்டும் கைகோத்துக்கொள்ளும்.

இவ்வளவு வெயில்ல இன்ஜினுக்குள்ள ஐஸ் பிடிக்கும்னு சொன்னா நம்பவா முடியும்?

கார்பரேட்டர் உள்ள இன்ஜின்களில் பிடிக்கும். குறுகிய பாதையில் காற்று விரிவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் உள்ளே வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் கூட இறங்கலாம். ஈரப்பதம் இருந்தால் இதமான நாளிலும் ஐஸ் படியும், அதுவும் பவரைக் குறைத்து இறங்கும்போது. சுற்றுகள் மெல்லக் குறைவதுதான் முதல் அறிகுறி.

கார்பரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டைப் போட்டதும் இன்ஜின் இன்னும் மோசமாக இருமும். உருகிய ஐஸ் தண்ணீராக உள்ளே போவதால் அப்படி. பயந்து உடனே அணைத்துவிடக் கூடாது; கொஞ்சம் பொறுத்தால் சுற்றுகள் ஏறிவிடும்.

மேகம் வெறும் புகைதானே, உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வந்தா என்ன?

கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதி இல்லாதவருக்கு இதைவிட மோசமான யோசனை இல்லை. அடிவானம் மறைந்தால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்ல ஆரம்பிக்கும். மெல்லச் சாய்ந்து திரும்பிக்கொண்டிருப்பீர்கள், உடம்போ நேராகப் போகிறோம் என்று சத்தியம் செய்யும். கருவியைப் பார்த்துச் சரிசெய்தால் எதிர்ப்பக்கம் கவிழ்கிற மாதிரி இருக்கும்.

1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளிப்பார்வையை மறைத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடிகள், மூன்று நிமிடம் கூட இல்லை.

அதனால் பார்வையை நம்பிப் பறப்பவர்கள் மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1.5 கிலோமீட்டர், மேலும் கீழும் 1,000 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. முன்னால் மங்கலாகிறது என்று தோன்றுகிறபோதே, பின்னால் தெளிவாக இருக்கும்போதே திரும்ப வேண்டும்.

ஏர்போர்ட் வரைக்கும் வந்துட்டு 'இன்னைக்கு வேணாம்'னு திரும்பிப் போறீங்களே, கஷ்டமா இல்லையா?

கஷ்டம்தான். காலையில் எழுந்து, வானிலை பார்த்து, நண்பர்களையும் வரச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. ஆனால் இந்தப் பக்கத்தில் இதுவரை சொன்ன எடை, வெயில், மேகம், பக்கக் காற்று எல்லாவற்றுக்கும் மிக நல்ல தீர்வு தரையில் நிற்கும்போதுதான் கிடைக்கிறது. மேலே போனபிறகு அதே பிரச்சினைக்கு வழிகள் குறைவு, நேரமும் குறைவு. கையும் காலும் செய்கிற வேலையை யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். 'வேண்டாம்' என்று சொல்வதைத்தான் நான் பைலட்டின் உண்மையான திறமையாக மதிக்கிறேன்.

எனக்கு உதவுவது முன்கூட்டியே போட்டுக்கொண்ட வரம்புகள். இவ்வளவு பக்கக் காற்றுக்கு மேல் இல்லை, மேகத்தின் அடி இவ்வளவுக்குக் கீழே என்றால் இல்லை என்று வீட்டில் அமைதியாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுவேன். இறங்கும்போது டாங்கில் ஒரு மணி நேரத்துக்கான எரிபொருள் மிச்சமிருக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. பல நாடுகளில் பகல் நேர விதி கேட்பது 30 நிமிடம்தான். தூக்கம் போதவில்லை, சளிக்கு மாத்திரை போட்டிருக்கிறேன், மனதில் ஏதோ சண்டை ஓடுகிறது என்றாலும் அன்று பறப்பதில்லை. சாயங்காலத்துக்குள் எப்படியும் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம்தான் எல்லாவற்றிலும் பெரிய எதிரி. அதனால் கட்டாயம் போக வேண்டிய இடத்துக்கு இந்த விமானத்தை நம்பித் தேதி குறிப்பதே இல்லை.

உண்மையைச் சொல்லுங்க, இது ஆபத்துதானே?

பெரிய பயணிகள் விமானத்தின் பாதுகாப்பு இதில் கிடையாது. அமெரிக்காவின் பதிவுகளில், தனியார் சிறு விமானங்கள் பறக்கும் ஒரு லட்சம் மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு உயிரிழப்பு விபத்து நடக்கிறது. குறைவாகத் தோன்றலாம், ஆனால் பயணிகள் விமானங்களோடு ஒப்பிட்டால் பல மடங்கு அதிகம். வீட்டில் இருப்பவர்களிடம் இதை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஆனால் எரிபொருள் தீர்ந்துபோவது, மேகத்துக்குள் போவது, தாழ்வாகப் பறந்து வித்தை காட்டுவது, கடைசி வளைவில் ஸ்டால் ஆவது என்று விபத்துகளில் பெரும்பகுதி பைலட் எடுத்த முடிவில் தொடங்குகிறது. முடிவு என் கையில் இருப்பதால்தான் தொடர்ந்து ஓட்டுகிறேன்.

நானும் ஒருநாள் கூட வரலாமா? நான் என்ன செய்யணும்?

தாராளமாக வாருங்கள். நிற்கிற விமானத்தின் ப்ரொப்பெல்லர் பக்கம் மட்டும் எப்போதும் போகாதீர்கள்; மேலே சொன்ன மேக்னெட்டோவின் இணைப்பு சரியில்லை என்றால் சாவி இல்லாமலேயே, கையால் அசைத்தாலே இன்ஜின் சுழன்றுவிடலாம். ஏறியதும் பெல்ட்டையும் கதவையும் எப்படித் திறப்பது என்று காட்டுவேன், நீங்களே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். ஹெட்செட் மாட்டிக்கொண்டால் பேசிக்கொள்ளலாம். கிளம்பும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பேச்சை நிறுத்தச் சொல்வேன், ஒரு விஷயத்தைத் தவிர: வேறு விமானம் கண்ணில் பட்டால் நான் பார்த்திருப்பேன் என்று நினைக்காமல் உடனே சொல்லுங்கள்.

உள்ளே டாய்லெட் கிடையாது, போய்விட்டு வாருங்கள். நடுவில் பயமாக இருந்தாலும், காரணமே இல்லாமல் இறங்க வேண்டும் போலிருந்தாலும் சொன்னால் போதும், திரும்பிவிடலாம்.